சோகாருக்குப் போன கவர்

மணிமேகலையின் வீட்டிலிருந்து எந்தக் காகிதமும் வெறுமனே வெளியே போனதில்லை. பட்டா மாறுதலுக்கு எழுதிய மனுவாக இருக்கட்டும், மகளின் கல்லூரி விண்ணப்பமாக இருக்கட்டும், மடிப்பதற்கு முன்னால் உள்ளே ஒரு சிட்டிகை விபூதி விழும். புகுந்த வீட்டு வழக்கம். கொடைக்கானல் மலையில் இருக்கும் கூக்காலில் பாதி வீடுகளில் அப்படித்தான். முன்பு அந்தப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்த ஒருவர், மலைக்காரர்களின் மனு என்றால் முகத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டுதான் பிரிப்பார். மேசை ஓரத்தில் ஒரு தட்டு. விழுந்ததைத் தொட்டு நெற்றியில் இழுத்துக்கொண்டு, "முருகன் சிபாரிசோட வர்றீங்க, நடுவுல நான் எதுக்கு?" என்பார். அப்புறமும் வேலை நடக்க ஆறு மாதம் ஆகும், அது வேறு.

மணிமேகலைக்கு நாற்பத்தொரு வயது. பூம்பாறையில் பிறந்து கூக்காலுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் படிக்கட்டு நிலத்தில் பூண்டும் கேரட்டும் மாற்றி மாற்றிப் போடுவாள். புருஷன் முத்துராஜ், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் எட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஓமான் நாட்டுக்குப் போனவன். அங்கே சோகார் என்ற ஊரில் ஐந்து வருஷமாக லாரிதான் ஓட்டுகிறான். ஒரே மகள் திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். நிலத்தையும் வீட்டையும் பார்ப்பது இவள் ஒருத்திதான்.

சாயங்காலங்களில் காட்டெருமை இறங்கி வரும். ஆம்பிளைகளே கரையில் நின்று கத்துவார்கள். மணிமேகலை ஒரு தகர டின்னைத் தட்டிக்கொண்டு நேரே வயலுக்குள் இறங்கிவிடுவாள். பக்கத்து நிலத்து இருளாயி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைப்பாள்.

"ஏத்தா, ஒனக்குப் பயம்னு ஒண்ண வச்சுப் படைக்கவே இல்லையா அந்தச் சாமி?"

"வச்சிருக்கும் மதினி. எந்த மூலையில கெடக்கோ" என்பாள் மணிமேகலை.

எந்த மூலையில் கிடக்கிறது என்று அந்தப் பிப்ரவரி மாதத்தில் தெரிந்துகொண்டாள்.

முத்துராஜ் வேலை பார்த்த கம்பெனியை மூடப் போகிறார்கள். வேறொரு கம்பெனி அவனை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டது. ஆனால் கனரக வண்டி ஓட்டிய அனுபவத்துக்குச் சான்றிதழ் வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பினால் செல்லாது. தோட்டத்து மேனேஜர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த அசல் காகிதம், அந்தக் கம்பெனி மேசைக்கு வந்து சேரவேண்டும். பிப்ரவரி இருபத்தாறாம் தேதியோடு பழைய விசா முடிகிறது. அதற்குள் வராவிட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

"பதினெட்டு, பத்தொம்பதுல இங்க நோன்பு ஆரம்பிச்சிரும். அப்புறம் எந்த ஆபீசும் அரை நேரந்தான். வெள்ளனே அனுப்பிரு மேகலை" என்றான்.

மணிமேகலை இரண்டு நடை ஜீப்பில் தாண்டிக்குடிக்குப் போனாள். முதல் நடையில் மேனேஜர் இல்லை. இரண்டாம் நடையில் அவர் இருந்தார், முத்திரை இருந்த அலமாரியின் சாவி இல்லை. மூன்று மணி நேரம் காப்பிக் களத்து ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்து வாங்கி வந்தாள். கொடைக்கானலில் ஒரு கூரியர் கடைக்காரர் முகவரியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த ஊரில் வீட்டு வாசலுக்குத் தபால் வராதாம். எல்லாருக்கும் தபால் பெட்டி எண்தான். "தெருப் பேரு, கட்டட நம்பர் இல்லாம நாங்க எடுக்க மாட்டோம்க்கா. பெட்டி நம்பருக்குத் தபாலாபீஸ்தான்."

கூக்கால் தபாலாபீஸ் என்பது வேலப்பன் வீட்டு முன் அறை. ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு சிவப்புப் பெட்டி. இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொள்பவர் அவர். வார்த்தையைக் கூட எடை போட்டுத்தான் கொடுப்பார். வெளிநாட்டுத் தபாலை அங்கே பதிய முடியாது, கொடைக்கானல் போக வேண்டும் என்றார். ஆனால் கவரில் முகவரியைத் தானே ஆங்கிலத்தில் அச்சடித்தாற்போல எழுதிக் கொடுத்தார்.

"எத்தன நாளுண்ணே ஆகும்?"

"எட்டு நாள்லயும் போகும். இருபது நாளும் ஆகும்."

"என்னண்ணே, காட்டெரும வர்ற நேரத்தக் கேட்டாப்ல சொல்றீங்க?"

வேலப்பன் சிரிக்கவில்லை. "தபாலு ஆள் மாதிரி இல்ல தங்கச்சி. ஆளு பஸ் ஏறுனா பஸ்ஸு போற எடத்துக்குப் போயிருவான். கவரு ஒவ்வொரு எடத்துலயும் எறங்கும், பிரிபடும், வேற பையில ஏறும். கொடைக்கானல், மதுரை, சென்னை. சென்னையில வெளிநாட்டுத் தபாலெல்லாம் சுங்கத்துக்காரங்க பாப்பாங்க. பெறகு பிளேன்ல எடம் கெடைக்கணும். அங்க எறங்குன பெறகு அந்த நாட்டுச் சுங்கம். ஒவ்வொரு வாசல்லயும் அது காத்துக் கெடக்கும். எந்த வாசல்ல எத்தன நாளுன்னு எவனும் சொல்ல முடியாது."

அவள் கவரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அன்று தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள். நடந்தே பழனிக்குப் போய் வந்த இருளாயி, ராக்கால சந்தனம் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். இரவில் மூலவர் மேனியில் சாத்தி விடிகாலையில் எடுக்கும் சந்தனம். காயவைத்து உருட்டி வைத்துக்கொண்டால் தீராத நோவெல்லாம் தீரும் என்று பழனியைச் சுற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முத்துராஜுக்கு இரண்டு மாதமாக வயிற்றில் வலி. சாப்பிட்டால் கல்லைப் போட்டாற்போல் இருக்கிறது என்கிறான்.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாளிதழ்த் துண்டு ஒன்றைச் சதுரமாகக் கிழித்தாள். விபூதியைக் கொட்டி விரலகலப் பொட்டலமாக மடித்தாள். இன்னொரு துண்டில், காய்ந்து பழுப்பேறிப் போயிருந்த சந்தன உருண்டைகள் ஐந்து. சான்றிதழின் மடிப்புக்குள் இரண்டையும் செருகி, கவரை ஒட்டி, கையால் நீவிவிட்டாள். பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, பிப்ரவரி ஐந்து. கொடைக்கானல் தபாலாபீஸ் கவுண்டரில் சுகன்யா என்ற பெண் இருந்தாள்.

"உள்ள என்னக்கா?"

"பேப்பருதாம்மா."

"பேப்பர் மட்டுந்தான? அப்ப டாக்குமென்ட்ஸ்னு போட்டுடறேன். இங்க ஒரு சைன் பண்ணுங்க."

மணிமேகலை கையெழுத்துப் போட்டாள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு எழவில்லை. உள்ளே என்ன என்று கேட்டால் பொருளைக் கேட்கிறார்கள். விபூதி பொருளா? கோலத்தை வாசலின் எடையில் யாராவது சேர்ப்பார்களா?

வெள்ளிக்கிழமை முத்துராஜுக்கு விடுமுறை. அன்றுதான் கூப்பிடுவான். ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் நிற்கும் என்பதால் மாலை நான்கு மணிக்கு அங்கே போய் நின்றாள். தபால் போட்டாயிற்று என்று சொன்னதும் அவன் குரல் இளகியது. இரண்டு நிமிஷம் பூண்டு விலை, மகள் படிப்பு என்று பேசினான். பிறகு, சும்மா ஊர்க்கதை சொல்வதுபோல ஆரம்பித்தான்.

"எங்க கேம்புல ராசிபுரத்துக்காரன் ஒருத்தன் இருந்தான்ல, போன வாரம் போலீசு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஊருல இருந்து பார்சல் வந்துச்சாம். அதுல ஏதோ நாட்டு மருந்துப் பொடியாம். எவன் அனுப்புனான், என்ன பொடி, ஒண்ணும் தெரியல. எட்டு நாளா உள்ளதான் இருக்கான். சோதிச்சு முடிச்சுத்தான் விடுவாங்களாம். விடுவாங்களோ என்னமோ."

ஏரித் தண்ணீர் மேல் காற்று ஓடியது. மணிமேகலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ பேப்பரத் தவிர வேற எதும் வைக்கலேல்ல?"

"இல்லீங்க" என்றாள். "பேப்பரு மட்டுந்தான்."

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நாக்கு முந்திக்கொண்டது. போனை வைத்தபின் மேட்டிலேயே நின்றாள். அடுப்படியில் தான் மடித்த பொட்டலம் கண்முன் வந்தது. இப்போது அதை வேறு யாருடைய கண்ணாலோ பார்த்தாள். நாளிதழில் மடித்த வெள்ளைப் பொடி. பக்கத்தில் பழுப்பு உருண்டைகள். அவனுடைய பெயரும் புதுக் கம்பெனியின் பெட்டி எண்ணும் எழுதிய கவர்.

சனிக்கிழமை காலை வேலப்பன் வீட்டு வாசலில் நின்றாள். கேட்டு முடித்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கவுண்டர்ல கேட்டாங்களா?"

"கேட்டாங்கண்ணே."

"என்ன சொன்ன?"

"பேப்பருன்னேன்."

"கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன்."

"விவரங்கெட்ட வேல பாத்துட்டியே தங்கச்சி. பட்டா மனுவும் இதுவும் ஒண்ணா? அங்க பிரிக்கிறவனுக்குப் பழனி தெரியுமா, முருகன் தெரியுமா? அவன் கண்ணுக்கு அது வெள்ளப் பொடி, அம்புட்டுத்தான்."

அவர் ரசீதை வாங்கி அதன் எண்ணைத் தன் கைபேசியில் அடித்துப் பார்த்தார். கவர் கொடைக்கானலை விட்டு, மதுரையை விட்டு, சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. முந்தாநாள்வரை அவள் கேட்டது 'எப்போது சேரும்' என்று. இப்போது அவள் வாயில் வந்த கேள்வி வேறு.

"இன்னும் நாட்டத் தாண்டலேல்லண்ணே?"

"தாண்டல."

"நிறுத்த முடியாதா?"

"அனுப்புனவங்க திருப்பிக் கேக்கலாம். விதி இருக்கு. டெலிவரி ஆகுற வரைக்கும் அந்தக் கவரு உன்னோடதுதான். கொடைக்கானல்ல மனு எழுதிக் குடுக்கணும். ஆனா நாளைக்கு ஞாயித்துக்கெழம." சற்று நிறுத்தி, "ஒண்ணு யோசிச்சுக்க. திருப்பி எடுத்தா அந்தப் பேப்பரும் திரும்பிரும். மறுபடி அனுப்ப நாளு பத்தாது" என்றார்.

அவள் அதை யோசிக்காமல் இல்லை. கவர் போனால் அவன் உள்ளே போகலாம். கவர் திரும்பினால் அவன் வேலை போகும், மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. ஞாயிறு முழுக்கப் பூண்டு வயலில் களை பறித்தாள். எதைப் பறித்தோம் என்று பார்த்தபோது இரண்டு கைப்பிடி பூண்டுப் பயிரும் சேர்ந்து வந்திருந்தது. வேலை போனால் இந்த மண் இருக்கிறது, ஆள் போனால் என்ன இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் முடிவுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ். கவுண்டரில் சுகன்யா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். மனுவில் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் வந்து மணிமேகலையின் பேனா நின்றது. எழுதினால் தன் கையெழுத்தே தனக்கு எதிராக நிற்குமோ? எழுதாவிட்டால்?

"அக்கா, என்ன ரீசன்?"

"உள்ள விபூதி இருக்கும்மா. பழனிச் சந்தனமும் இருக்கு."

சுகன்யா நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று மணிமேகலை தோளைக் குறுக்கிக்கொண்டாள். "அய்யோ அக்கா" என்று மட்டும் சொன்னாள் அந்தப் பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளத எழுதுங்க. அதான் சேஃப். நான் இன்னைக்கே மேல அனுப்பிடறேன். ஆனா கவர் இப்ப சென்னையில சுங்கத்துக்குப் போயிருக்கு. அவங்க பாத்துட்டா ஃப்ளைட் பைக்குள்ள போயிரும். பை மூடிட்டா யாராலயும் எடுக்க முடியாது" என்றாள்.

"ரெண்டுல எதும்மா முந்தும்?"

"தெரியலக்கா."

செவ்வாய் ஒரு நாள், புதன் ஒரு நாள். மணிமேகலை வேலப்பன் வீட்டுக்குக் காலையும் மாலையும் நடந்தாள். சென்னையிலேயே பிரித்துப் பார்த்து நிறுத்திவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டாள். நம் ஊர்க்காரர்கள் அல்லவா, விபூதி என்றால் தெரியும், திட்டி அனுப்புவார்கள், அவ்வளவுதானே. மாமியார் வீட்டு வழக்கத்தில் எத்தனையோ காகிதம் பத்திரமாய்ப் போய்ச் சேர வேண்டும் என்று விபூதி போட்டவள், இந்த ஒரு காகிதம் போய்ச் சேரக்கூடாது என்று அதே முருகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலப்பன் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சுங்கத்துல விட்டுட்டாங்க. எல்லாக் கவரையுமா பிரிப்பாங்க? நேத்து ராத்திரி பிளேன்ல போயிருச்சு."

"என் மனு?"

"உன் மனு மதுரையில மேலதிகாரி கையெழுத்துக்குக் கெடக்கு" என்றார் வேலப்பன். இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் முதல் தடவையாக அந்தத் துறைக்காக அவர் வெட்கப்பட்டாற்போல் இருந்தது.

மறுநாள் வெள்ளி. நான்கு மணிக்கு ஏரிக்கரை மேட்டில் நின்றாள். சொல்லாமலே விட்டுவிடலாம். கவர் பிரிபடாமலே போய்ச் சேரலாம். பத்தில் ஒன்பது பங்கு அப்படித்தான் நடக்கும். சொன்னால், அவனும் இந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு லாரி ஓட்ட வேண்டும். ஆனால் அந்தப் பத்தாவது பங்கில், கவுண்டர் முன்னால் நின்று "பேப்பர் மட்டுந்தான்" என்று அவன் சொல்லப் போகிறான். அவள் சொல்லிக் கொடுத்த பொய்யை, பொய் என்று தெரியாமலே.

மணி அடித்தது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு, வெரசா சொல்லு. இன்னைக்கு ஓவர்டைம் போட்டிருக்கான்."

"கவருக்குள்ள விபூதி வச்சிருக்கேன்."

வண்டி இரைச்சலுக்கு மேல் அவன் குரலை உயர்த்தினான்.

"எவ்வளவு?"

"ஒரு பொட்டலம். ராக்கால சந்தனமும் இருக்கு. உங்க வயித்து வலிக்கு. அஞ்சு உருண்ட."

"எதுல மடிச்ச?"

"பேப்பர்ல. சின்னதா."

"அன்னைக்குக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"இல்லேன்னு சொன்னேல்ல?"

"பயத்துல சொல்லிட்டேங்க. திருப்பி எடுக்கவும் எழுதிக் குடுத்தேன். அதுக்குள்ள போயிருச்சு."

அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "சரி" என்றான். போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை மணிமேகலை பின்னால் யாரிடமும் விவரித்துச் சொல்ல முடிந்ததில்லை. வேலப்பன் கைபேசியில் அந்த எண்ணை அடித்தால், நாட்டை விட்டுக் கிளம்பியது என்ற ஒரே வரிதான் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. விமானம் நான்கு மணி நேரத்தில் போய்விடும். கவர் நான்கு நாளாகியும் எங்கேயும் இல்லை. இந்தியாவிலும் இல்லை, ஓமானிலும் இல்லை.

"நம்ம கைய விட்டுப் போயிருச்சு, அவங்க கையில இன்னும் பதியல. நடுவுல கெடக்கு" என்றார் வேலப்பன்.

"நடுவுலன்னா எங்கண்ணே?"

வேலப்பன் அந்த எண்ணை இன்னொரு தரம் அடித்துப் பார்த்தார்.

போன் வரவில்லை. இவள் அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கும். எடுக்க மாட்டான். கோபமா, வண்டியில் இருக்கிறானா, அல்லது போனை வாங்கி வைத்துக்கொண்டார்களா? இந்த மூன்றாவது நினைப்பு வரும்போதெல்லாம் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எதையாவது பிடித்துக்கொள்வாள். கேரட் கழுவும்போது ஒருமுறை தொட்டி விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மகள் போன் பண்ணினால், "அப்பாவுக்கு வேல சாஸ்தி" என்று சொல்லி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஊருக்குள் ஒரு பச்சை ஜீப் வந்தது. மணிமேகலை அதை வயலிலிருந்து பார்த்தாள். காக்கி உடையில் இரண்டு பேர் இறங்கி, கடைக்காரரிடம் எதையோ கேட்டு, இவள் வீடு இருக்கும் பக்கம் கை காட்டினார்கள். தன் கையெழுத்துப் போட்ட மனு அவள் நினைவில் வந்தது. உள்ளத எழுதுங்க, அதான் சேஃப் என்றாளே சுகன்யா. காட்டெருமைக்கு முன்னால் டின் தட்டிக்கொண்டு போகிறவள், உரச் சாக்கு அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் போய்க் குந்தினாள். மூச்சு சத்தமாக வருகிறது என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அரை மணி கழித்து இருளாயி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மேகல, இங்க குந்திக்கெடக்க? வயித்தக் கலக்குதா?"

"யாரு மதினி அது ஜீப்புல?"

"பாரஸ்ட்டுக்காரங்க. ஏரிக்கு மேக்க மரம் வெட்டுன தடத்தப் பாக்க வந்தாங்களாம். ஏன், நீயா வெட்டுன?" என்று சிரித்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னத்தா? யாருக்கு என்ன?"

மணிமேகலை எல்லாவற்றையும் சொன்னாள். இருளாயி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தனம் தன் கையால் கொடுத்தது என்ற நினைப்பு அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். "நான் நூறு கல்லு நடந்து வாங்கியாந்த சந்தனம் ஒருத்தனை செயிலுக்கு அனுப்பும்னா, அப்புறம் நான் என்னத்தக் கும்புட?" என்றாள். அது அவள் முருகனிடம் கேட்ட கேள்வி. மணிமேகலைக்கு அதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை வேலப்பனே வயலுக்கு நடந்து வந்தார். அவர் அப்படி வருகிறவர் அல்ல. வரப்பில் நின்றபடியே சொன்னார்.

"அந்த நாட்டுல பதிஞ்சிருச்சு. வந்து சேந்ததுன்னு ஒரு வரி. கீழ இன்னொரு வரி. சுங்கத்துல நிறுத்தி வச்சிருக்காம்."

"பிரிச்சுட்டாங்களா?"

"அது அதுல வராது தங்கச்சி."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேட்டில் நின்றாள். ஐந்தாயிற்று. ஆறாயிற்று. ஏரி மேல் மஞ்சு இறங்கி எதிர்க்கரை மறைந்தது. அவன் கூப்பிடவில்லை. சனிக்கிழமையும் போய் நின்றாள். அவன் எண்ணுக்கு அடித்தால் இப்போது மணி கூடப் போகவில்லை. அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. முதலில் அந்த ஊர்ப் பாஷையில், பிறகு ஆங்கிலத்தில். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க, அங்கே அவனுக்கும் இப்படித்தான் யாரோ புரியாத பாஷையில் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மேட்டில்தான் இருந்தாள். காலையிலிருந்து அங்கேதான். தெரியாத எண் ஒன்று வந்தது.

"மேகலை."

அவன் குரல்.

"மேகலை, இருக்கியா? வெளிய வந்துட்டேன்."

"உள்ள வச்சாங்களா?" அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

"செயிலெல்லாம் இல்ல. போனு ஒடஞ்சு போச்சு, அதான். இது கூட வேல பாக்குறவன் போனு. கேளு. இன்னைக்குத் தபாலாபீசுக்கு வரச் சொல்லி சீட்டு வந்துச்சு. போனேன். ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. மேசையில கவரு பிரிஞ்சு கெடக்கு. பொட்டலம் தனியா, உருண்ட தனியா, பிளாஸ்டிக் பையில போட்டு நம்பர் ஒட்டி வச்சிருக்காங்க. அந்தாளு என்னையப் பாக்குறான். கவருக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டான். அத மட்டுந்தான் மொதல்ல கேட்டான் மேகலை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாம்பலு, கோயில் சாம்பலு. சந்தனக் கட்டையில அரைச்ச உருண்ட அஞ்சு, வயித்து வலிக்குன்னு என் வீட்டுல அனுப்புனாங்கன்னேன். அஞ்சுன்னதும் எண்ணிப் பாத்தான். ஏற்கெனவே சோதிச்சுட்டாங்க போல. ஒண்ணும் இல்லேன்னு தெரியும். இருந்தாலும் என் வாயில என்ன வருதுன்னு பாக்கத்தான் கூப்புட்டிருக்கான். நான் மட்டும் பேப்பருன்னு சொல்லியிருந்தா... ரெண்டு மணி நேரம் உக்கார வச்சான். என் கை நடுங்குனத அவன் பாத்துக்கிட்டே இருந்தான். நடுங்குற கையப் பாத்தா எவனும் கள்ளன்னுதான நெனப்பான்? தொடைக்கு அடியில வச்சு மறைச்சேன். அரபியில எழுதுன காகிதத்துல கையெழுத்து வாங்குனான். இனி இப்படி வந்தா கேசு போட்டுருவேன்னு சொல்லித்தான் விட்டான்."

"பேப்பரு?"

"குடுத்துட்டான். கம்பெனியில கொண்டு போய்க் குடுத்துட்டேன். நாளக் கழிச்சு விசா மாத்திருவாங்க. பொட்டலத்த அவனே வச்சுக்கிட்டான்."

மணிமேகலை போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பதினேழு நாள். கூக்காலிலிருந்து அவன் கைக்கு அந்தக் காகிதம் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நாட்கள்.

"எம்மேல கோவமா?" என்றாள்.

"கோவந்தான். எட்டு நாளு ஒன்ட்ட பேசாம கெடந்தேன்ல, பெறகென்ன? ராசிபுரத்துக்காரன் கட்டில எதிர்லயே பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். அவன இன்னும் விடல மேகலை. அவனுக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்ல ஊருல இருந்து ஒரு போனு வரல, அம்புட்டுத்தான். இனிமே எதுவா இருந்தாலும் சொல்லிரு. சொல்லிட்டுச் சண்ட போட்டுக்கலாம்."

"சொல்றேங்க."

போனை வைத்தபின் இறங்கி நடக்கலாம் என்று காலை எடுத்து வைத்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். இத்தனை நாளாய் உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று கையை விட்டாற்போலிருந்தது. கீழே வயலில் இருளாயி நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து இவளைப் பார்த்தாள்.

"ஏத்தா, என்ன சேதி?" என்று கத்தினாள்.

"வந்துட்டாரு மதினி, வெளிய வந்துட்டாரு!"

"அப்ப எறங்கி வாடி, பூண்டு கெடக்கு!"

"வாரேன்" என்றாள் மணிமேகலை. எழுந்திருக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.